நாகலெட்சுமி போட்ட பல்சக்கரக் கணக்கு

நாகலெட்சுமிக்குத் தன் புருஷன் மேலேயே பொறாமை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் விளங்கியிருக்காது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி புதுச்சேலை கட்டினால் வயிறெரியலாம், ஓரகத்திக்கு முதலில் பிள்ளை பிறந்தால் முகம் சுளிக்கலாம். கட்டின புருஷன் படித்து முன்னுக்கு வருவதைப் பார்த்து ஒருத்தி வெந்து போவாளா?

அவள் வெந்துதான் போனாள். அதற்குக் காரணமும் இருந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. அந்த ஐந்து வருஷமும் கணக்கில் அவள்தான் முதல். வாத்தியார் சிலேட்டில் கணக்கை எழுதி முடிக்கும்போது அவள் விடையைச் சொல்லிவிடுவாள். தலவாக்கலையில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வாத்தியார் அவள் அப்பனிடம் இரண்டு தடவை வந்து பேசினார். அப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே கங்காணியிடம் சொல்லி, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் அவளை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வயதில் முதுகில் ஏறின கூடை, பிறகு இறங்கவேயில்லை.

பத்தொன்பது வயதில் சோலைமலைக்கு வாழ்க்கைப்பட்டாள். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை அவனுக்கு. நல்லவன், குடிக்க மாட்டான். எந்த இயந்திரம் முனகினாலும் கையை வைத்துப் பார்த்தே எங்கே நோவு என்று சொல்லிவிடுவான். படிப்பு மட்டும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது.

1961-ஆம் வருஷம் பெரிய துரை ஸ்டோருக்கு ஒரு லேத்து வாங்க முடிவு செய்தார். ரோலரிலோ இஞ்சினிலோ ஓர் ஆணி உடைந்தாலும் அதுவரை கொழும்புக்குத்தான் ஆள் போகவேண்டும். இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து, திருகுப்புரியான மரையை வெட்டி, வேண்டிய ஆணியைத் தோட்டத்திலேயே செய்துகொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டுமே. சோலைமலையை ஒரு வருஷம் பயிற்சிக்கு அனுப்பலாம் என்றார். சர்க்கார் கல்லூரியில் சேரப் பிரஜாவுரிமைத் தாள் கேட்பார்கள். அது லயத்தில் ஒருவரிடமும் இல்லை. கண்டிக்குப் பக்கத்தில் பாதிரிமார் நடத்திய தொழிற்கல்லூரி ஒன்றில் அதைக் கேட்கவில்லை. ஆனால் நுழைவுப் பரீட்சை உண்டு. அங்குலக் கணக்கும் பின்னமும் தெரியவேண்டும்.

"பின்னம்னா என்னா புள்ள?" என்று சோலைமலை கேட்டான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பழைய காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, அதை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாக, பதினாறாக மடித்து அவன் கையில் கொடுத்தாள். "இந்த மடிப்பு எத்தனையில எத்தனை, சொல்லுங்க." அவன் விரல்களுக்கு அது சீக்கிரம் பிடிபட்டது, தலைக்குத்தான் நேரம் எடுத்தது. அந்த ஞாயிறுகளில் நாகலெட்சுமி சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதில் மூடிவைத்த ஒன்றைத் திறந்தது போல இருந்தது அவளுக்கு.

பரீட்சையில் தேறி, ஒரு தகரப்பெட்டியோடு அவன் ரயிலேறிப் போனான்.

முதல் கடிதம் வந்தது. அதை அவள் மாமியார் வேலாயிக்கு வாசித்துக் காட்டினாள். பட்டறையில் ஆறு லேத்து, பதினாலு பேர். பைஸர் மாஸ்டர் என்று ஒருவர் கற்றுக்கொடுக்கிறார், ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருக்கிற குடும்பமாம், தமிழிலேயே விளக்குகிறார். லேத்தில் இரும்பு கத்திமுனையில் பட்டுச் சுருள் சுருளாக உரிந்து விழுவது, உருளைக்கிழங்குத் தோல் சீவுவது போல இருக்கிறது. மழை பெய்தாலும் நனைவதில்லை.

அந்தக் கடைசி வரியை அவள் வாசிக்கும்போது அவள் தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கடிதத்தில் ஓர் உதவி கேட்டிருந்தான். லேத்தில் மரை வெட்டுவதற்குப் பல்சக்கரம் மாற்ற வேண்டும். அங்குலத்துக்கு எட்டு மரை வேண்டுமென்றால் ஒரு ஜோடிச் சக்கரம், பத்து மரைக்கு வேறு ஜோடி. எந்த மரைக்கு மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்று ஒவ்வொருவரும் தாங்களே கணக்குப் போட்டு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். "லேத்தோட சொந்த மரை அங்குலத்துக்கு நாலு. இருபதிலேருந்து அஞ்சஞ்சாக் கூட்டி நூத்திருபது பல் வரைக்கும் சக்கரம் இருக்கு. நான் போட்டா ஒண்ணுக்கு அரை நாள் ஆகுது. நீ கொஞ்சம் போட்டு அனுப்பு" என்று எழுதியிருந்தான்.

லேத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கணக்கு அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எட்டு மரைக்கு நாலில் எட்டு, பாதி. அப்படியானால் மேலே நாற்பது பல், கீழே எண்பது பல். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதே மனதுக்குள் பன்னிரண்டு கணக்குப் போட்டு முடித்தாள். சாயங்காலம் எழுதி, மறுநாள் தபால்பை தூக்குகிற வீரய்யாவிடம் கொடுத்தாள்.

பதில் வந்தது. "நீ போட்டது எல்லாம் சரி. ஒண்ணுகூடப் பிசகல. மாஸ்டர் பட்டியலைப் பார்த்து ஆச்சரியப்பட்டு யார் போட்டதுன்னு கேட்டாரு. நான் போட்டதுன்னு சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகுதான் எரிச்சல் தொடங்கியது.

நாலு மாதம் இப்படியே போனது. அவன் கேட்பான், அவள் போட்டு அனுப்புவாள். ஒரு கடிதத்தோடு ஒரு படமும் வந்தது. பதினாலு பேரும் நீல உடுப்பில் லேத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். சோலைமலை நடுவில், கையை மார்பில் கட்டிக்கொண்டு. வேலாயி அந்தப் படத்தை முந்தானையில் வைத்து லயம் லயமாகக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எம் மகன் சின்னதுலேருந்தே கணக்குல புலி. அங்க மாஸ்டரே இவங்கிட்டக் கேட்டுத்தான் கணக்குப் போடுறாராம்" என்றாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில்.

நாகலெட்சுமி குடத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

"ஏன்டி லெச்சுமி, குடுத்து வச்சவ நீ" என்றாள் காளியாயி, இரண்டு காம்பரா தள்ளி இருப்பவள். "அப்படிப்பட்ட மூளைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்க."

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி குடத்தைத் தூக்கினாள். அன்று கொழுந்தெடுக்கும்போது இரண்டு இலையும் மொட்டுமாய்க் கிள்ளாமல் முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துப்போட்டுக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினாள்.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தக் கடிதம் வந்தது. அரை வருஷத்துப் பரீட்சை அடுத்த திங்கட்கிழமை. லேத்துகள் ஆறுதான். பரீட்சையில் தேறுகிறவர்களுக்கு மீதி ஆறு மாதமும் லேத்து. தேறாதவர்கள் பெஞ்சில் நின்று அரம் போட்டு இரும்பு ராவ வேண்டியதுதான். மரை வெட்டிக் காட்டவேண்டும். பதினொன்று, பதினாலு, பதினாறு என்று மூன்று கணக்குக் கேட்டிருந்தான். கடைசியில் ஒரு வரி: "மாஸ்டர் என் பட்டியலை வகுப்பு முழுக்கக் காட்டி, இவனைப் பார்த்துப் படிங்கன்னு சொன்னாரு."

என் பட்டியல்.

மூன்று கணக்கையும் போட்டாள். பதினொரு மரைக்கு மேலே இருபது பல், கீழே ஐம்பத்தைந்து பல். எழுதி முடித்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஐம்பத்தைந்தில் இரண்டாவது ஐந்தை ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சைபர் போட்டாள். மடித்து உறையில் போட்டு ஒட்டி, காலையில் வீரய்யாவிடம் கொடுத்தாள்.

அன்றும் மறுநாளும் அவள் நன்றாகத் தூங்கினாள். மலையில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இனி மாஸ்டர் யாரைக் காட்டிப் படிக்கச் சொல்லுவார் என்று நினைக்கும்போது சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது வேலாயி தன் பங்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள். "தின்னு. அவன் பரீட்சை முடிஞ்சு வர்றப்போ நீ எலும்பும் தோலுமா நிக்காத" என்றாள். அந்த ரொட்டியை அவள் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டாள். அன்றைக்கே இன்னொரு கடிதம் எழுதினாள். 'பதினொண்ணுக்குக் கீழே அம்பத்தஞ்சு பல். அம்பது இல்லை. எழுதினது பிழை.' சனிக்கிழமை காலை பெரட்டுக்கு முன்னால் வீரய்யா வீட்டு வாசலுக்கே ஓடிப்போய்க் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமை தபால் போகாது தங்கச்சி. திங்கக்கெழமைதான் கெடைக்கும்" என்றான் வீரய்யா.

திங்கட்கிழமை பகல் தபாலில் அது கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. பரீட்சை காலையிலேயே முடிந்துவிட்டது.

அவன் பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. "நான் வெட்டின ஆணியில நட்டு ரெண்டு சுத்துப் போயி இறுகிப்போச்சு. அங்குலத்துக்குப் பதினொண்ணு இருக்க வேண்டிய எடத்துல பத்துதான் இருந்துச்சு. என்னைப் பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. உன்னோட ரெண்டாவது கடுதாசி அதுக்குப் பிறகுதான் வந்துச்சு. நீ கண்டுபுடிச்சு ஒடனே எழுதிட்ட. உம்மேல பிழை இல்ல. முதல்ல லேசா ஒரு கீறு கீறி, அளவுகோலை வச்சு எண்ணிப் பார்த்திருக்கணும்னு மாஸ்டர் ஏசினாரு. எல்லாரும் அப்படித்தான் பார்த்தாங்க. நீ போட்டது பிசகாதுன்னு நான் எண்ணிப் பார்க்கல."

அந்தக் கடிதத்தை மட்டும் வேலாயிக்கு அவள் வாசித்துக் காட்டவில்லை. சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறார் என்று சொல்லி மடித்து வைத்தாள்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்குச் சோலைமலை வந்தான். அந்த ஆணியையும் கொண்டுவந்திருந்தான். நட்டு அதிலேயே இறுகிக் கிடந்தது. அது பிசகிப் போன ஆணி என்று அறியாத வேலாயி, மகன் செய்தது என்று அதையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் தடுக்கவில்லை.

மறுநாள் காலை லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தியில் அவன் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"கை தவறல" என்றாள்.

"என்னா?"

"அம்பத்தஞ்சுன்னுதான் மொதல்ல எழுதினேன். பொறகு தெரிஞ்சேதான் அழிச்சு சைபர் போட்டேன்."

அவன் எழுந்தான். கையில் களை அப்படியே இருந்தது. "ஏன் புள்ள?"

"யாரு போட்ட கணக்குன்னு மாஸ்டர் கேட்டப்ப நீங்க என்னா சொன்னீங்க?"

"நான் போட்டதுன்னேன். பொஞ்சாதி போட்டதுன்னு சொன்னா அங்க சிரிச்சிருப்பாங்க. என்னைய வெளியில அனுப்பியிருப்பாங்க."

"சிரிக்கட்டும். இங்க நான் மழையில நிக்கிறேன். நீங்க கூரைக்கு அடியில நின்னு என் கணக்க வச்சுப் பேரு வாங்குறீங்க. ஒங்க அம்மா அதை லயம் லயமாச் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. ஒவ்வொரு கடுதாசியும் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. அதான் செஞ்சேன்."

"அப்ப நான் கெட்டுப்போகணும்னு நெனச்ச."

"ஆமா. ரெண்டு நாள் நெனச்சேன். பொறகு நெனைக்கல."

அவன் கை ஓங்கவில்லை, சத்தம் போடவுமில்லை. களையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனான். விடுமுறையில் இன்னும் நாலு நாள் இருந்தது. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். வேலாயி பின்னாலேயே போய், "என்னாடா சண்டை, என்னாடா சண்டை" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். அந்த மட்டுக்கும் அவன் பெரிய மனுஷன். அவள் செய்ததை அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரியும் பெப்ரவரியும் கடிதம் இல்லை. மார்ச்சில் வந்தது. "மாஸ்டர்கிட்ட எல்லா உண்மையையும் சொல்லிட்டேன். வீட்டுலேருந்து கணக்கு வாங்கி வர்றவன் லேத்தையும் வீட்டுக்கே கொண்டுபோவட்டும்னு கத்தினாரு. பிறகு தினமும் வேலை முடிஞ்சு அரை மணி நேரம் உட்கார வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுத்தாரு. ஒரு பையனுக்கு ஹார்பர்ல வேலை கெடைச்சுப் போயிட்டான். அவன் லேத்த எனக்குக் குடுத்திருக்காங்க. இப்ப எனக்கே கணக்கு வருது. இனி நீ போட வேண்டியதில்ல."

திட்டி எழுதியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். 'இனி நீ போட வேண்டியதில்ல' என்ற வரிதான் நெஞ்சில் போய் நின்றது. முன்பு அவன் பெயர் வாங்கினாலும் கணக்கு அவளுடையதாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஜூலையில் சான்றிதழோடு திரும்பினான். ஏலத்தில் எடுத்த பழைய லேத்து ஒன்று லொறியில் வந்து இறங்கியது. சில சக்கரங்கள் அதில் குறைவு. ஸ்டோரின் மூலையில் அதை நிறுத்தி, இஞ்சினிலிருந்து வருகிற பெல்ட்டில் இணைத்தார்கள். லேத்துக்காரச் சோலைமலை என்று பெயரே மாறிவிட்டது. அவர்கள் பேசிக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், அடுத்த வருஷம் ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. ஆனால் லேத்தைப் பற்றி அவன் வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டான். அவளும் கேட்க மாட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு ஸ்டோரிலேயே தேயிலையில் காம்பு பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் லேத்து தெரியும். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவாள்.

1964-இல், மழைக்காலத்தில், இஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயின் மூட்டு வெடித்தது. இஞ்சின் நின்றது. மேல்மாடியில் வாடப்போட்ட கொழுந்து அப்படியே கிடந்தது. புதிதாக ஒரு மூட்டுச் செய்து மாட்டவேண்டும். அதற்கு மரை அங்குலத்துக்குப் பத்தொன்பது. அதை வெட்டத் தொண்ணூற்றைந்து பல் சக்கரம் வேண்டும். இல்லாமல் போன சக்கரங்களில் அதுவும் ஒன்று.

மத்தியானம் வீட்டுக்கு வந்த சோலைமலை, சிலேட்டை எடுத்து மடியில் வைத்து எழுதினான், அழித்தான், எழுதினான். நாகலெட்சுமி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தாள். அவன் என்ன தேடுகிறான் என்று தெரிந்தது. தான் கேட்காமல் சொல்லக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

கடைசியில் அவன் சிலேட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"கேக்க வாய் வரல புள்ள. இருந்தாலும் கேக்குறேன்."

"யாரு போட்டதுன்னு கேட்டா?"

"நீ போட்டதுன்னு சொல்றேன்."

"சிரிச்சா?"

"சிரிச்சாலும் சொல்றேன்."

சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எம்புட்டு நீளத்துக்கு மரை வேணும்?"

"அரை அங்குலம்."

"அப்படின்னா சரியா வரணும்னு இல்ல. கிட்ட வந்தாப் போதும்." அவள் எழுதினாள். நாலைப் பத்தொன்பதால் வகுத்தால் வருவது, இருபத்தொன்றை நூறால் வகுத்தால் வருவதற்கு மயிரிழை பக்கத்தில் இருக்கிறது. இருபத்தொன்று என்றால் மூன்றும் ஏழும். ஒரு ஜோடியாக இல்லாமல் இரண்டு ஜோடியாக மாட்ட வேண்டும். மேலே முப்பது பல்லும் முப்பத்தைந்து பல்லும். கீழே ஐம்பது பல்லும் நூறு பல்லும். "இந்த நாலும் இருக்கா?"

"இருக்கு."

"அரை அங்குலத்துக்குள்ள வித்தியாசம் தெரியாது. ஆனா எண்ணிப் பார்த்துக்குங்க."

"எண்ணாம விடுவனா?" என்றான் அவன்.

இஞ்சின் இல்லாமல் லேத்து ஓடாது. நாலு பேர் சேர்ந்து பெல்ட்டைக் கையால் இழுத்தார்கள். லேத்து மெதுவாகச் சுழன்றது. சோலைமலை முதலில் ஒரு கீறு கீறி நிறுத்தி, அளவுகோலை வைத்து எண்ணினான். பிறகு வெட்டினான். வேலையில்லாமல் நின்ற பெண்களோடு நாகலெட்சுமியும் கதவோரம் நின்றாள். மூட்டு முடிந்தது. குழாயின் நட்டு கடைசி வரை போய் நின்றது.

ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். நாலு சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆர் போட்ட கணக்கு இது? உன்ர மாஸ்டரோ?"

"இல்லீங்கையா. என் பொஞ்சாதி."

"பெண்சாதியோ? காம்பு பொறுக்குற பெண்சாதியோ?" அவர் சிரித்தார். பெல்ட் இழுத்த நாலு பேரும் சிரித்தார்கள்.

"என் பொஞ்சாதிதாங்க. பேரு நாகலெட்சுமி. அந்தா நிக்கிறாங்க" என்றான் சோலைமலை, இன்னும் சத்தமாக. டீமேக்கர் திரும்பிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, சிரிப்பை நிறுத்தினார். இஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். யாரும் மாலை போடவில்லை. சாயங்காலம் பீலிக்கரையில் காளியாயி மட்டும், "மெய்யாவாடி?" என்று கேட்டாள். நாகலெட்சுமி, "மெய்தான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருந்தது. காவல்காரனிடம் சொல்லிச் சோலைமலை அவளை உள்ளே கூட்டிப்போனான். அவள்தான் கேட்டாள், மூன்று நாளாக யோசித்துவிட்டு. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை மாட்டி, கத்திமுனையைச் சரிபண்ணி, எந்தக் கைப்பிடியை எப்போது அழுத்துவது என்று காட்டினான். பிறகு பின்னால் போய் இரண்டு கையாலும் பெல்ட்டை இழுத்தான்.

முதல் தடவை அவள் பிந்தி அழுத்தினாள். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. கம்பியின் மேல் மெல்லிய கோடு ஒன்று சுற்றிச் சுற்றிப் போனது. இன்னும் கொஞ்சம் ஆழமாக, இன்னும் கொஞ்சம். இரும்பு சுருண்டு அவள் கைமேல் விழுந்தது. சூடாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"எப்பிடி?" என்றான் அவன், மூச்சு வாங்க.

"இதைத் தெனமும் செய்யுறீங்க. அதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்க" என்றாள். குரலில் பழைய எரிச்சல் கொஞ்சமும் குறையாமல் இருந்தது.

சோலைமலை சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெட்டின மரையை நகத்தால் தடவிப் பார்த்து, கம்பியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"இன்னொரு கம்பி மாட்டுங்க."